கட்டில்காரரின் குருவி

உட்காரச் சொன்னால் உடனே உட்கார மாட்டார். நாற்காலியைத் தூக்கிக் கவிழ்த்து, கால்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, "தாங்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பிறகுதான் உட்காருவார். யார் வீடு என்ற பேதமெல்லாம் கிடையாது. மகளைக் கட்டிக்கொடுக்கப் போகிற வீட்டுக்கு முதல் தடவை போனபோதும் இதையேதான் செய்தார். "அப்பா, மானத்தை வாங்காதீங்க" என்று மகள் பல்லைக் கடித்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு திருகாணியை எடுத்து முடுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார். கல்யாணம் நடந்தது. அந்த நாற்காலியும் இன்றுவரை ஆடவில்லை என்று கேள்வி.

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் அவருடைய பட்டறை. அதை ஒட்டி ஓர் அறையும் சமையல்கட்டும்; அதுதான் வீடு. ஆஸ்பத்திரிக் கட்டில், சக்கர நாற்காலி, ஸ்ட்ரெச்சர் இவற்றைப் பழுது பார்ப்பது தொழில். ஆகவே எல்லோருக்கும் அவர் கட்டில்காரர். குட்டையான உருவம், தடித்த மணிக்கட்டு. திருகாணிகளின் கனத்தில் இடப்பக்கச் சட்டைப் பை எப்போதும் தொங்கிக்கொண்டே இருப்பதால், தூரத்திலிருந்து பார்த்தால் ஆளே ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதுபோலத் தெரியும்.

மனிதர்களையும் அவர் சாமான்களை எடைபோடுகிற மாதிரியேதான் எடைபோடுவார். பெரிய டாக்டர் ஒருவரைப் பற்றிக் கேட்டேன். "நல்ல மனுஷன். ஆனா எண்ணெய் விடாம ஓடிக்கிட்டிருக்காரு" என்றார். யாருக்காவது மரை கழன்றுவிட்டது என்று நாம் கிண்டலாகச் சொல்வதை, அவர் வருத்தத்தோடு சொல்வார். மரை கழன்றவர்கள்மேல் அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. கட்டில்காரர் மனைவியைக் குருவி என்றுதான் கூப்பிடுவார். கொறிக்கிற அளவுக்குத்தான் சாப்பாடு, ஓயாத பேச்சு. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் குருவிக்கு முதுகுத்தண்டில் நோய் வந்தது. முதலில் கால்கள் ஓய்ந்தன. பிறகு இடுப்புக்குக் கீழே எதுவுமே அவருடைய பேச்சைக் கேட்கவில்லை.

படுத்த படுக்கையாகிவிட்டவர்களை அவ்வப்போது திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் சேர்ந்து திருப்புவார்கள். வீட்டில் இவர் ஒருவர்தான். ஒரு மதியம் அவசரத்தில் திருப்பியபோது குருவியின் கை அடியில் மாட்டி முறுக்கிக்கொண்டது. குருவி கத்தவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "நான் கட்டில் இல்லைங்க. துருப்பிடிச்ச ஆணியைப் பிடுங்கற மாதிரிப் பிடிக்காதீங்க" என்றாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் கட்டில்காரர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொள்வார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. தார்ப்பாய்த் துணியில் அகலமான ஒரு பெல்ட், அதற்குக் கைப்பிடிகள், கட்டில் சட்டத்தில் மாட்டுகிற ஓர் இரும்புக் கை. ஒன்று இழுத்தால் மற்றொன்று வழுக்கியது. எத்தனையோ தடவை பிரித்துப் பிரித்துச் செய்தார். கடைசியில் பல் வைத்த எஃகுக் கொக்கி ஒன்றைச் செய்தார். உடம்பின் கனம் ஏற ஏற அது பெல்ட்டை இன்னும் இறுக்கமாகக் கவ்வும். இனி ஒரே ஆள், அவசரமில்லாமல், நோகாமல் திருப்பலாம்.

"புரட்டின்னு பேர் வெச்சிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

"புரட்டறதுக்கு நான் என்ன மண்ணா?"

"அப்ப குருவி."

"குருவி என்னைக்காவது படுக்கையில கிடந்து பாத்திருக்கீங்களா?"

"கிடக்காதுல்ல. அதனாலதான்."

பக்கத்து வீட்டில் கேட்டார்கள், செய்துகொடுத்தார். நர்சுகள் கேட்டார்கள், செய்துகொடுத்தார். எப்படிப் பயன்படுத்துவது என்று ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி முடியவில்லை. குருவி மார்பின் மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, படுத்தபடியே படங்கள் வரைந்தார். முகங்கள் கிடையாது. ஒரு முதுகு, இரண்டு கைகள், பெல்ட், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கைகளைப் பார்த்தாலே எவ்வளவு மெதுவாகத் தொட வேண்டும் என்று தெரிந்துவிடும். தலைப்பில், சற்றே சாய்ந்த எழுத்தில் 'குருவி'. அதன் கீழே முதல் வரி: 'முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். பிறகு தொடுங்கள்.'

நர்சுகளின் மாநாடு ஒன்றில் கட்டில்காரரை மேடையேற்றிக் காட்டச் சொன்னார்கள். கொக்கியைக் கழற்றி உள்ளே இருக்கும் பற்கள் வரை காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகும் பல வருஷங்கள் பட்டறையிலிருந்து குருவிகள் போய்க்கொண்டே இருந்தன. குருவி இறந்த பிறகும் போயின.

போன வருஷம் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து தெரிந்த நர்ஸ் கூப்பிட்டாள். "சார், உங்க குருவியில ஒருத்தங்க கீழ விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு."

போட்டது போட்டபடி ஓடினார். நடக்க முடியாமல் நெடுநாளாகப் படுக்கையில் இருந்த ஓர் அம்மாள். கணவர் திருப்பும்போது பெல்ட் விட்டுவிட்டது. அந்த அம்மாள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்துவிட்டார். கணவர் அந்தப் பெல்ட்டை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து வைத்திருந்தார். கட்டில்காரர் எடுத்துப் பார்த்தார். நீலத் துணி. எஃகுக் கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாக உடைந்த ஒரு பிளாஸ்டிக் கவ்வி. கீழே ஏதோ ஒரு கம்பெனியின் முகவரி.

"ஐயா, இது நான் செஞ்சதில்லை."

"பேர் போட்டிருக்கே!" என்றார் அந்த மனிதர்.

போட்டிருந்தது. குருவியின் கையால் எழுதிய அதே சாய்ந்த எழுத்து. உள்ளே மடித்து வைத்திருந்த தாளில் அதே படங்கள், அதே முதல் வரி.

அன்று பட்டறையின் ஷட்டர் பாதி இறங்கிக் கிடந்தது. குனிந்து உள்ளே போனேன். வேலைமேசையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் எந்தச் சாமானும் இல்லை. அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. "அவ பேரைச் சொல்லி ஒருத்தங்களைக் கீழ தள்ளிட்டாங்க" என்றார்.

கட்டடம் முழுக்க ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். அப்போதே பேட்டன்ட் வாங்கியிருக்க வேண்டும் என்றார் இரண்டாவது மாடிக்காரர். பெயருக்குப் பேட்டன்ட் வாங்கினாலே போதும் என்றார் அவருடைய மைத்துனர். காப்பிரைட் வாங்கிவிட்டால் பெல்ட்டை எவனும் தொட முடியாது என்றது இன்னொரு குரல். இவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. காப்புரிமை என்ற ஒரே சொல்லை நாமும் பத்திரிகைகளில் ஒரு நாள் கண்டுபிடிப்புக்கும், மறுநாள் புத்தகத்துக்கும், அடுத்த நாள் சோப்பின் பெயருக்கும் போட்டு எழுதிக் குழப்பித்தானே வைத்திருக்கிறோம். கட்டில்காரர் எல்லோரையும் கேட்டுவிட்டு, "ஆளாளுக்கு ஒரு ஸ்பேனரை எடுத்துக்கிட்டு வர்றாங்க. நட்டு எந்த அளவுன்னு யாருக்கும் தெரியலை" என்றார்.

வெளியூரில் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். இந்த விஷயங்களை மட்டுமே பார்க்கிற ஒரு பெண் வக்கீலிடம் நேரம் வாங்கினாள். துணைக்கு என்னையும் வரச் சொன்னார்கள்.

வக்கீலம்மாவுக்கு ஜலதோஷம். வெந்நீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். பெல்ட்டையும் தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"நீங்க எல்லாத்தையும் சேர்த்து 'என்னோடது'ன்னு சொல்றீங்க. சட்டத்துல அது மூணு வேற வேற விஷயம். முதல்ல இந்தக் கொக்கி. எங்கேயாவது விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி இதை வெளியில காட்டினீங்களா?"

"எல்லார்கிட்டயும்தான் காட்டினேன். மேடையிலயே பிரிச்சுக் காட்டினேன். கேட்டவங்களுக்கெல்லாம் வித்தேன்."

வக்கீலம்மா தம்ளரைக் கீழே வைத்தார். "புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சா, அது எப்படி வேலை செய்யுதுன்னு அரசாங்கத்துகிட்ட விவரமா எழுதிக் குடுக்கணும். அதுக்குப் பதிலா, கொஞ்ச காலத்துக்கு உங்க அனுமதி இல்லாம வேற யாரும் அதைச் செய்யக்கூடாதுன்னு ஒரு உரிமை தருவாங்க. அதுதான் பேட்டன்ட். எழுதிக் குடுக்கற அன்னிக்கு அது உலகத்துக்குப் புதுசா இருக்கணும். உங்களோடது ஊருக்கே தெரிஞ்சு பல வருஷம் ஆச்சு. அந்தக் கதவு மூடிடுச்சுங்க."

"அப்ப இதை யார் வேணாலும் செய்யலாமா?" என்றாள் மகள்.

"செய்யலாம்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். "செய்யட்டும்" என்றார். "படுத்துக் கிடக்கறவங்க எங்க இல்லை? நான் ஒருத்தன் எத்தனை பேருக்குச் செய்ய முடியும்? அதுல எனக்கு வருத்தம் இல்லை வக்கீலம்மா. மேல சொல்லுங்க."

"இந்தப் படங்களை யார் வரைஞ்சது?"

"என் சம்சாரம். எழுதினதும் அவங்கதான்."

"அப்படின்னா வரைஞ்ச நிமிஷத்துல இருந்தே அது அவங்களோடது. எங்கயும் போய்ப் பதிஞ்சிருக்கணும்னு கட்டாயம் இல்லை. அவங்களுக்கு அப்புறமும் ரொம்ப காலத்துக்கு வாரிசுகளுக்கு, அதாவது உங்களுக்கும் உங்க மகளுக்கும், அந்த உரிமை இருக்கு. இது காப்பிரைட். கேக்காம இதை அச்சடிச்சது தப்பு. ஆனா ஒண்ணு. இது படத்துக்கும் எழுத்துக்கும்தான் காவல். படத்துல இருக்கற பெல்ட்டைப் பாத்து ஒருத்தர் பெல்ட் தெச்சா, அதை இது தடுக்காது."

பிறகு விரலைச் சாய்ந்த எழுத்தின் மேல் வைத்தார். "இது மூணாவது. வாங்கறவங்களுக்கு, இது யார் கையிலிருந்து வருதுன்னு சொல்றதுக்குத்தான் பேர். டிரேட்மார்க். நீங்க 'கட்டில் பெல்ட்'னு வெச்சிருந்தா கஷ்டம்; அது சாமானைத்தான் சொல்லும், உங்களைச் சொல்லாது. குருவிக்கும் கட்டிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதுதான் உங்க பலம். பதிஞ்சிருக்கீங்களா?"

"இல்லைங்க."

"பதிஞ்சிருந்தா வேலை சுலபம். ஆனா இத்தனை வருஷமா ஆஸ்பத்திரிகள்ல குருவின்னா உங்களைத்தானே நினைக்கிறாங்க. நர்சுகளே சாட்சி சொல்லுவாங்க. அதை வெச்சு நிறுத்தலாம். பதிவுக்கும் இன்னிக்கே போட்டுடுவோம்."

கட்டில்காரர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "அப்ப நான் செஞ்சது என்னோடது இல்லை. அவ வரைஞ்சதும், நான் அவளைக் கூப்பிட்ட பேரும்தான் மிச்சம்."

வக்கீலம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சட்டம் இந்த வார்த்தையில சொல்லாது" என்றார். பெல்ட்டை மடித்துவைத்துவிட்டு, "ஆனா, ஆமாங்க" என்றார்.

நோட்டீஸ் போனது. கம்பெனியிலிருந்து பேச்சுவார்த்தைக்கு வரச் சொன்னார்கள்; வக்கீலம்மாவோடு நாங்கள் மூவரும் போனோம். கண்ணாடி மேசை, குளிரூட்டிய அறை. எதிரே மேனேஜர், அவர்களுடைய வக்கீல், ஒரு ஓரத்தில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த இன்ஜினியர். மேனேஜர் தேன் ஒழுகப் பேசினார். நடந்தது துரதிர்ஷ்டம், விழுந்தவருக்கு வேண்டியதைச் செய்துவிட்டோம், தாள் அச்சடித்தது கீழே யாரோ செய்த தவறு. பிறகு விஷயத்துக்கு வந்தார். "உண்மையைச் சொல்லணும்னா, அந்தப் பேர் ஜனங்களுக்குப் பிடிச்சுப்போச்சு சார். அதை எங்களுக்கே எழுதிக் குடுத்துடுங்களேன். உங்க மனசு குளிரற மாதிரி செய்யறோம்."

கட்டில்காரர் பையிலிருந்து இரண்டு சாமான்களை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். ஒன்று உடைந்த பிளாஸ்டிக் கவ்வி. இன்னொன்று அவருடைய எஃகுக் கொக்கி.

"பேரை எடுத்துடுங்க. படத்தை எடுத்துடுங்க. இதை வெச்சுக்குங்க" என்று கொக்கியை மேனேஜர் பக்கம் தள்ளினார்.

மேனேஜருக்குப் புரியவில்லை. தன் வக்கீலைப் பார்த்தார்.

"இதைச் செய்ய வேணாம்னு உங்களை நான் தடுக்க முடியாதுன்னு வக்கீலம்மா சொல்லிட்டாங்க. தடுக்கறதுக்கு எனக்கும் இஷ்டம் இல்லை. திருடறதுன்னு இறங்கிட்டீங்க. அரைகுறையாத் திருடினா ஆள் விழுதுல்ல? முழுசாத் திருடுங்க."

ஓரத்திலிருந்த இன்ஜினியர் கொக்கியை எடுத்துப் பற்களை விரலால் தடவினார். "எஃகுலதான் போடணும்னு நானும் அப்பவே எழுதிக் குடுத்தேன்" என்று மேசையைப் பார்த்துச் சொன்னார். மேனேஜர் அவரை முறைத்தார்.

அதற்குப் பிறகு வக்கீலம்மாதான் பேசினார். குருவி என்ற பெயரோடு ஒரு பெல்ட்கூடக் கடையில் இருக்கக் கூடாது. விற்றுப்போனதையும் வீடு வீடாகத் திரும்ப வாங்க வேண்டும். மறுத்தால் கோர்ட்டில் தடை கேட்போம், எதற்காகக் கேட்கிறோம் என்பதையும் அங்கே விவரமாகச் சொல்வோம். கொக்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெயரைப் பற்றித்தான் பேச்செல்லாம். ஆனால் அந்தப் பெயரைப் பிடித்து இழுத்தபோது, ஒட்டியிருந்த பிளாஸ்டிக் கவ்விகள் அத்தனையும் கூடவே வந்துவிட்டன. பேசி முடிப்பதற்குள் எங்களுக்கே அது விளங்கிவிட்டது. மேனேஜர் சம்மதித்தார்.

எல்லாம் முடிந்து எழுந்தபோது கட்டில்காரர் திரும்ப உட்கார்ந்தார். "படம் வேணாம். ஆனா அந்த முதல் வரி மட்டும் உங்க தாள்ல இருக்கட்டும்" என்றார்.

மகள் அவர் கையைப் பிடித்து வெளியே நடைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். நான் லிஃப்ட் பக்கம் ஒதுங்கி நின்றேன். இருந்தாலும் காதில் விழுந்தது.

"அம்மா எழுதினதுப்பா அது! படுக்கையில கிடந்து, வலியோட வலியா எழுதினது. அதைத் தூக்கி இவங்ககிட்ட குடுப்பீங்களா? அதுல அம்மா பேர்கூட இருக்காது."

"இருக்க வேணாம். பேர் இருந்தா அந்த பெல்ட்டுக்கு அவ பொறுப்புன்னு ஆயிடும். வரி மட்டும் போகட்டும். திருப்பறவங்க படிக்கணும்ல?"

"அதுல எனக்கும் பங்கு இருக்கு. வக்கீலே சொன்னாங்க."

"தெரியும்மா. அதனாலதான் உன்னைக் கேக்கறேன்."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளிடம் அவர் அதுவரை எதையும் கேட்டுப் பெற்றவரில்லை என்று பிறகு சொன்னாள். அவளைப் படிக்கவைத்தது, அம்மாவைப் பார்த்துக்கொண்டது, தனியாகச் சமைத்துச் சாப்பிடுவது, எல்லாம் கேட்காமலே செய்துகொண்டவர். அவர் அவளுடைய பதிலுக்காகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உத்தரவு வாங்க வந்தவர்போல நின்றார்.

"ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாதுன்னு எழுதச் சொல்லுங்க" என்றாள் கடைசியில்.

வக்கீலம்மா அதையும் எழுதிச் சேர்த்தார். அப்பாவும் மகளும் கையெழுத்துப் போட்டார்கள்.

விழுந்த அம்மாளுக்கு எலும்பு கூடிவிட்டது. ஆனாலும் வலது பக்கமாகத் திருப்பினால் இன்னும் முகம் சுளிக்கிறார். கட்டில்காரர் அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அந்த அம்மாளுடைய கட்டிலைக் கொஞ்சம் தாழ்த்தி, சுவர்ப் பக்கத்தில் ஒரு தடுப்பும் வைத்துக் கொடுத்திருக்கிறார். கணவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "தப்பு உங்களோடது இல்லைன்னு அவருக்குத் தெரியும்ல?" என்று கேட்டேன். "தெரியும். இருந்தாலும் அவர் நம்பி வாங்கினது அந்தப் பேரைத்தானே?" என்றார். "பேசாட்டி என்ன, கதவைத் திறக்கறாரே."

சமீபத்தில் சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வார்டில் கட்டில்காரர் ஒரு கட்டிலின் சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். அவருடைய மகள் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். நீலத் துணி, வேறு ஏதோ பெயர், எஃகுக் கொக்கி. கட்டில்காரர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

"இதை நீங்க பாத்ததில்லையா? இப்பத்தான் வந்திருக்கு. ரொம்ப உபயோகமா இருக்கு. உங்க வீட்ல யாராவது படுக்கையில இருக்காங்களா?"

"இருந்தாங்க."

அவள் முகம் இளகியது. "வேற யாருக்காவது உதவும், கத்துக்குங்க. ஒண்ணும் கஷ்டமில்லை. இப்படி வந்து நில்லுங்க. இந்தப் பிடியை மெதுவா இழுக்கணும், வெடுக்குனு இழுக்கக் கூடாது."

எனக்கு வாய் துறுதுறுத்தது. "அம்மா, இவர் யார் தெரியுமா" என்று ஆரம்பிக்கப் போனேன். கட்டில்காரர் என் பக்கம் திரும்பாமலே தலையை லேசாக அசைத்தார்.

பிறகு எண்ணெய் படிந்த கைகளைக் கால்சட்டையில் அழுந்தத் துடைத்தார். ஓர் அடி முன்னால் வந்து, ஒன்றுமே தெரியாதவர் நீட்டுவதுபோல, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவள் முன்னால் நீட்டினார்.